யாங்கோனில் ஆறு கையெழுத்து

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்த கனம் பன்னிரண்டு தாள். பழைய ரங்கூனான யாங்கோனின் விமான நிலையத்தில் ஒரு சீருடைக்காரர் அவற்றைப் பையிலிருந்து எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தமிழ் எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கேட்டால் சொல்வதற்கு மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொய்கள் வீணாகப் போயின.

அந்தத் தாள்கள் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டெக்சஸில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் பட்டம் வாங்க வேண்டும். அவர்கள் மத்தியிலிருந்து பாடம் நடத்த வரும் ஆசிரியர்கள் மனம் வெறுத்து ஓடிவிடாமல் நிலைக்க வேண்டும். இதற்கென்றே ஓர் அலுவலகம். வண்ணாரப்பேட்டைக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நிறத்தைப் பார்த்து மெக்சிகன் என்று நினைத்து எடுத்துவிட்டார்கள், இனி வெளியே அனுப்ப வெட்கப்படுகிறார்கள் என்பான் என் தம்பி.

அங்கே எனக்குத் தோழி மரிசெல். வரலாற்றுத் துறைப் பேராசிரியை. அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் லத்தீன் பிள்ளைகள். அவள் துறையில் பாடம் நடத்துகிறவர்களில் அந்த இனத்தவர் அவள் ஒருத்திதான். அமெரிக்காவில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஆசிரியராகச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு சொல்லும்: ஒன்று ஆயுசுக்கும் வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ. நடுவில் ஒன்றும் கிடையாது. மரிசெலுக்கு அந்த முடிவு வரும் வருஷம் இது. அவள் கையில் இருப்பது ஒரு புத்தகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எழுதுகிறாள். அவளுடைய தாத்தாவும் மூட்டை தூக்கியவர். அதில் கடைசி அத்தியாயம் யாங்கோன் தமிழர்களைப் பற்றியது. ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்னால் இங்கே வந்து, பேட்டி எடுத்து, படமும் பிடித்துப் போயிருந்தாள்.

இப்போது புத்தகம் போடுகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அங்கே காலம் மாறிவிட்டது, ஆகவே பேட்டி கொடுத்த ஆறு பேரிடமும் புதிதாகச் சம்மதக் கையெழுத்து வாங்கி வா என்றார்கள். பல்கலைக்கழகமோ பர்மாவுக்குப் போக அவளுக்கு அனுமதி தராது. கோப்பு கமிட்டிக்குப் போக மூன்று வாரம் இருந்தது. நான் அம்மாவைப் பார்க்கச் சென்னை வந்திருந்தேன். இந்தியப் பாஸ்போர்ட். "நான் போகிறேன்" என்று சொன்னது என் வாய்தான். அதை நினைத்து அதற்கப்புறம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

வழி காட்ட வந்தவள் லெட்சுமி. முப்பது வயதிருக்கும், ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. வெளியில் அவளுக்குப் பர்மியப் பெயர், மா தீடா. மரிசெல் வந்தபோதும் இவள்தான் கூடப் போனாள். என்னைப் பார்த்ததும் "ஸயாமா" என்று கும்பிட்டாள். டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன்.

முதல் நாள் காலையில் டீக்கடையில் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து மொஹிங்கா வாங்கிக் கொடுத்தாள். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், வாழைத்தண்டு, மேலே பருப்பு வடை நொறுக்கு. பாரிமுனையில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் போட்ட அத்தோக் கடைகளில் இதற்குக் கிட்டத்தட்ட ஒன்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் காரம் தூக்கலாக இருக்கும், இங்கே மீன் தூக்கல். ரசித்துச் சாப்பிட்டிருக்க வேண்டியது. மடியில் பையை அணைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டதில் பாதி புடவையில் சிந்தியது.

டாக்சி தனிக் கதை. இந்த ஊரில் சாலையில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமானால் டிரைவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். உட்கார்ந்திருந்தது நான். டிரைவர் பர்மியத்தில் ஏதோ கேட்டார்.

"எதுக்க வண்டி வருதான்னு பாத்துச் சொல்லச் சொல்றாரு ஸயாமா" என்றாள் லெட்சுமி பின்னாலிருந்து.

நான் ஒவ்வொரு முறையும் வருகிறது என்றே சொன்னேன். போட்டாதாங் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த டிரைவர் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஓட்டியிருக்க மாட்டார்.

போட்டாதாங்கில் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின் தெருவில் முனியாண்டி ஐயாவின் வீடு. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் ஊ டின் மாவுங். ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் கிளிப். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். லெட்சுமி இழுத்தாள். கிளிப்பில் மாட்டிக்கொண்டு சாவி இறங்கி வந்தது. நம் ஊர் அடுக்குமாடிக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்காமல் போனது ஏன் என்று மூச்சு வாங்க ஏறும்போது யோசித்தேன்.

ஐயா, தின்பதற்கு ஊறவைத்த தேயிலைக் கலவையும் பிளாஸ்க் டீயும் வைத்தார். நான் தாளை எடுத்தேன். நானே மொழிபெயர்த்த தமிழ். "உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரியையும் சத்தமாகப் படித்தேன். எங்கள் ஊர் ரயில் அறிவிப்பு மாதிரி ஒரே வேகம்.

"யாடெ, யாடெ" என்றார். ஆகட்டும், பரவாயில்லை என்று அர்த்தம். "அவ்வளவு தூரத்துலேந்து வந்துருக்கீங்க. எங்க போடணும்?"

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு தாளிலும் போட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. இறங்கும்போது எனக்கு ஐந்து மாடியும் இரண்டு மாடி போல இருந்தது.

அன்று மாலையே தின்கன்ஜூன் பேட்டையில் லெட்சுமியின் அம்மா கையெழுத்துப் போட்டார். அதே தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், சைக்கிள் உதிரிப் பாகக் கடை வைத்திருப்பவர்கள், கல்லாப் பெட்டி மேல் தாளை வைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தம்பிக்குத் தமிழ் புரிகிறது, பேச வரவில்லை. அவர் சார்பில் அண்ணன் "யாடெ" சொன்னார். நாலு ஆயிற்று. மின்சாரம் போய் இருட்டாகக் கிடந்த தெருவில் திடீரென்று விளக்கெரிந்தது. பிள்ளைகள் எல்லா வீட்டிலிருந்தும் "மீ லாபீ!" என்று கூவின. கரண்டு வந்துவிட்டதாம். நானும் உள்ளுக்குள் கூவினேன்.

இரண்டாம் நாள் தாமுவே என்ற இன்னொரு பேட்டை. மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் எங்கள் டாக்சி இருமிக்கொண்டே நின்றது. டிரைவர் கும்பிட்டார், சிரித்தார், அசையவில்லை. நான் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, செருப்பை லெட்சுமியிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். மூடி இல்லாத சாக்கடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வோர் அடியும் குலதெய்வத்தைக் கூப்பிட்டு வைத்த அடி. தாள் நனையவில்லை. நனைய ஒன்றும் மிச்சமில்லாமல் நான் நனைந்திருந்தேன்.

சந்தை முகப்பில் தோசைக்கடை வைத்திருக்கும் முத்தம்மாவின் வீட்டில் அந்தக் கோலத்தில் போய் நின்றேன். ஐம்பது வயது, கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைப் பூச்சு. "ஐயோ ஸயாமா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன்னுடைய பூப்போட்ட கைலி ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். சூடாகத் தோசை வந்தது, வேகவைத்த பட்டாணி போட்டு. சுவரில் மரிசெல் எடுத்து அனுப்பிய படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. முத்தம்மாவும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் மகனும். இப்போது அந்தப் பிள்ளைக்கு இருபது. ஒரு தடவை எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

புத்தகத்தில் அவன் பெயர் இருக்கிறது. படிப்பு இருக்கிறது. என்ன ஆக ஆசைப்படுகிறான் என்றும் இருக்கிறது. முத்தம்மா தாளைக் கையில் வாங்கி, ஒரு நிமிஷம் சும்மா வைத்திருந்தார். பிறகு என் ஈரத் தலையைப் பார்த்தார்.

"யாடெ ஸயாமா" என்றார். போட்டார்.

மூன்றாம் நாள் மேரி டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, இப்போது தின்கன்ஜூனில் வீட்டில் டியூஷன் எடுப்பவர். அவர் ஒருத்தர்தான் தாளை முழுக்கப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் படித்துவிட்டுப் போட்டார். ஆறும் முடிந்தது. ஐந்து நாள் வேலை மூன்றே நாளில். இரவு ஓட்டலில் தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். மரிசெலுக்கு "ஆறும் கிடைத்தது" என்று செய்தி போட்டேன். இருபது இதயம் திரும்பி வந்தது.

நாலாம் நாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. முத்தம்மாவின் கைலியை ஓட்டலில் துவைத்துத் தேய்த்து வாங்கியிருந்தேன். கொடுத்துவிட்டு ஒரு தோசை சாப்பிட்டு வரலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் லெட்சுமியுடன் போனேன்.

கடை திறக்கவில்லை. வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. முத்தம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார். அழுத முகம் சிரித்தால் தெரியாமல் போகுமா?

"தம்பி எங்கே?" என்றேன்.

"அவனா? சும்மா, பகோவில அத்தை வீட்டுக்குப் போயிருக்கான். விடியக்காலம் பஸ்ஸு." உடனே அடுப்பைப் பற்றவைக்கப் போனார். "உக்காருங்க ஸயாமா, சாப்ட்டுப் போகணும்."

"அந்தப் படம்?"

"சட்டம் ஒடஞ்சுபோச்சு" என்றார். அடுப்பின் ஓரத்தில் கரிந்த காகிதத்தின் ஒரு மூலை கிடந்தது. என் தமிழ் எழுத்து. அவருக்கென்று நான் கொடுத்துவிட்டுப் போன பிரதி.

தோசையை எப்படியோ விழுங்கிவிட்டு வெளியே வந்து லெட்சுமியைப் பிடித்துக்கொண்டேன். "இவங்களுக்குக் கையெழுத்துப் போட இஷ்டம் இல்லையா?"

லெட்சுமி தெருவைப் பார்த்தாள். "வயசுப் பையன் இருக்குற வீடு ஸயாமா. பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போறாங்க. இப்ப பேரு எங்கயும் எழுதிக் குடுக்குற காலமா? வெளிநாட்டுத் தாளு வேற."

"அப்போ ஏன் போட்டாங்க?"

"நீங்க விருந்தாளி. மழையில நனஞ்சு வந்து நிக்கிறீங்க. மொகத்துக்கு நேரா எப்பிடி இல்லேன்னு சொல்றது? ஆனாடெ இருக்காதா?"

ஆனாடெ. அந்தச் சொல்லை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்தவர் மனம் நோகுமே, அவருக்குச் சங்கடமாகுமே என்று தன் கஷ்டத்தை விழுங்கிக்கொள்ளும் கூச்சம். பர்மாக்காரர்களிடமிருந்து நம் ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தோசை வைக்கும்போதும் அதைச் சொல்வார்கள், வேண்டாம் என்று மறுக்கும்போதும் சொல்வார்கள் என்பதால் அது வெறும் உபசாரம் என்று நினைத்துவிட்டேன்.

"மத்தவங்க?"

"முனியாண்டி ஐயாவுக்கு அன்னிக்கி ராத்திரி பிரஷர் ஏறிடுச்சு. எங்கம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காங்க."

"உங்கம்மாவுமா? நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கத்தினேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் ஆனாடெதான் ஸயாமா."

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? என் வேலையே இதுதான். எங்கள் அலுவலகத்துக்கு யெசினியா என்று ஒரு பெண் வருவாள். ஒரு பருவம் முழுக்க, எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது மிஸ்" என்றே சொன்னாள். தேர்வுக்கு வரவில்லை. விசாரித்தால், டயாலிசிசுக்கு அப்பாவை வாரம் மூன்று நாள் கூட்டிப்போய் வந்திருக்கிறாள். எங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று சொல்லவில்லையாம். லத்தீன் பிள்ளைகளின் "நன்றாக இருக்கிறது" என்பதை நம்பாதீர்கள் என்று புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு வருஷா வருஷம் மேடை ஏறி வகுப்பெடுக்கிறவள் நான். கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போடும் பிள்ளையைக் கண்டால் அங்கே எனக்குச் சந்தேகம் வரும். இங்கே சந்தோஷம் வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, மரிசெல் வேலைக்காக இவர்களுடைய நிம்மதியை எடுத்துப் பரிமாறியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, காது சுட்டது.

திரும்பி உள்ளே போனேன். பையிலிருந்து முத்தம்மாவின் தாளை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இது எனக்கு வேண்டாம். புத்தகத்தில் உங்க பேரும் வராது, தம்பி பேரும் வராது."

"யாடெ ஸயாமா, நீங்க கொண்டுபோங்க, அந்த ஸயாமாவுக்கு வேலை..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். தாளை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. பயமா இருக்கு" என்றார். அத்தனை நாளில் அவர் என்னை ஸயாமா என்று கூப்பிடாதது அப்போதுதான்.

அன்று பிற்பகலும் மறுநாள் காலையும் மிச்சம் வீடுகளுக்குப் போனோம். லெட்சுமியின் அம்மா நான் பேசி முடிப்பதற்குள் தாளை வாங்கிக்கொண்டார். சைக்கிள் கடை அண்ணன் தம்பிக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, வாங்கியதும் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். முனியாண்டி ஐயாவை மறுபடி முகத்துக்கு நேரே நின்று சங்கடப்படுத்தக் கூடாது என்று தாளைக் கயிற்றின் கிளிப்பில் மாட்டி அனுப்பினேன். மேலே போனது. சற்று நேரம் கழித்து கிளிப்பில் ஒரு பொட்டலம் தேயிலைக் கலவை இறங்கி வந்தது. அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது.

மேரி டீச்சர் மட்டும் திருப்பி வாங்க மறுத்தார்.

"நான் ஆனாடெக்காகப் போடலை. ரெண்டு தடவை படிச்சுட்டுப் போட்டேன். எங்கப்பா நாப்பது வருஷம் இந்தத் துறைமுகத்துல கணக்கு எழுதினாரு. அவரு பேரு எங்கயும் இல்ல. இந்தப் புத்தகத்துல இருக்கட்டும்." பிறகு விரலை நீட்டினார், வகுப்பில் நீட்டுவது போல. "ஆனா என் வீடு எந்தத் தெருன்னு வரக் கூடாது. என் பிள்ளைங்க படத்தை எடுத்துடணும். முடியாதுன்னா இப்பவே குடுத்துட்டுப் போங்க."

முடியும் என்றேன்.

ஆக என் பையில் ஒரு கையெழுத்து. ஆறாவது நாள் காலை ஏழு மணிக்கு, ஓட்டல் மாடிப்படியில், சிக்னல் கிடைக்கும் ஒரே படியில் உட்கார்ந்து மரிசெலைக் கூப்பிட்டேன். அங்கே முந்தின நாள் சாயங்காலம். கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

"பரவாயில்லை" என்றாள் மரிசெல், நான் முடித்த மறு வினாடியே. "சரியாகத்தான் செய்தாய். ஒரு பிரச்சினையும் இல்லை. நீ பத்திரமாக ஊருக்குப் போ. கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்."

நல்ல பிள்ளையாட்டம் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டு நிம்மதியாகப் போனை வைத்துவிடலாம். வைத்திருப்பேன், போன வாரமாக இருந்தால்.

"மரிசெல், உண்மையில் பரவாயில்லையா?" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று எழுந்து நின்றேன். போகவில்லை, மூச்சு கேட்டது.

"இல்லை" என்றாள். அழ ஆரம்பித்தாள். "ஒருத்தியை வைத்து ஒரு அத்தியாயம் எப்படி எழுதுவது? ஐந்து பேர் வீட்டுக்குள் வைத்திருக்கும் பயத்தைக் கமிட்டிக்கு நான் எப்படிப் புரியவைப்பது? இவளுக்கு முடிக்கத் தெரியவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். எனக்குப் பின்னால் வரப்போகிற எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் அதையேதான் நினைப்பார்கள். முத்தம்மா பயந்தது எனக்குப் புரிகிறது. தாள் அவரிடம்தான் இருக்க வேண்டும். அதுவும் புரிகிறது. ஆனால் இந்த வேலை போனால் எனக்கு உன்மேல் கோபம் இருக்கும். ரொம்ப நாள் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.